பத்து மணி ஆறு நிமிடம்

மார்ச் 3

அண்ணனுக்கு,

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதைப் படித்ததும் போனை எடுக்காதே. நீ கூப்பிட்டாலும் நான் எடுக்கப் போவதில்லை. பதில் இருந்தால் தபாலில் அனுப்பு. உனக்கும் வீட்டை விட்டு இறங்கித் தபால் பெட்டி வரை நடந்த மாதிரி இருக்கும்.

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆடுகிற பேருந்தில், மடியில் கைப்பையை வைத்து, எங்கள் ஆஸ்பத்திரிப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பள்ளம் வந்தால் ஒரு எழுத்து எகிறும். பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாப்பிள்ளை பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டதால் காலையில் ரயில்கள் காலியாக ஓடுகின்றனவாம், ஆகவே சந்திப்பு நிலையத்துக்கு அப்பால் பாதையை நீட்டத் தேவையில்லை என்று ஓர் ஆய்வறிக்கை வந்திருக்கிறதாம். ஆய்வு செய்தது போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தின் பயணிகள் கணிப்புப் பிரிவு என்ற இடம் வந்ததும் மனிதர் டக்கென்று நிறுத்திக்கொண்டார். அந்தப் பிரிவுக்குத் தலைமை யார் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் போனில் நான் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நீயே வரைபடத்தை விரித்தாய். ஒரு டம்ளரை எடுத்து என் ஆஸ்பத்திரி மேல் வைத்து, "இதுதான் உன் ஸ்டேஷன். வீட்ல ஏறினா வாசல்ல இறங்கலாம்" என்றாய். அந்த டம்ளர் இன்னும் இருக்கிறது. ஸ்டேஷனைத்தான் நீ எடுத்துவிட்டாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் நானூறு கிலோமீட்டர் தள்ளி அண்ணியின் ஊருக்குப் போய் உட்கார்ந்துவிட்டாய். அங்கிருந்துகொண்டு எங்கள் ரயிலைப் பற்றி எழுதுகிறாய். நீ கடைசியாக ரயில் ஏறியது எப்போது?

இறங்கும் இடம் வந்துவிட்டது.

தங்கை


மார்ச் 11

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கும் உன் அண்ணிக்கும் ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. "பள்ளம்" என்று நீ எழுதியதை நான் "பல்லி" என்று படித்து, பேருந்தில் பல்லி எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கிலும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் கேள். காலை எட்டு மணி ரயிலில் முன்பு ஒற்றைக் காலில் நின்று போனார்கள். இன்று அதே பெட்டியில் காலை நீட்டி உட்காரலாம். சந்திப்பு நிலையத்துக்கு அப்பால் உள்ள அலுவலக வளாகத்தில் பாதிக் கட்டடங்களுக்கு விளக்கே போடுவதில்லை. ஏழு ஸ்டேஷன் கட்டி, அதில் யாரும் ஏறவில்லை என்றால், கட்டியவர்களை ஊரே காறித் துப்பும். சொந்தத் தங்கை போகிற வழி என்பதற்காக நான் கணக்கை வளைக்க முடியாது. வளைத்தால் நீயே என்னை மதிக்கமாட்டாய்.

எப்படி எண்ணுகிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிலைய வாசலில் பயண அட்டையைத் தட்டும் நேரம் எங்களிடம் பதிவாகிறது. வாரத்தில் நான்கு நாளாவது, காலை ஏழிலிருந்து பத்துக்குள் தட்டுகிறவரை "வேலைப் பயணி" என்று எடுத்துக்கொள்வோம். புதுப் பாதை வேண்டுமா என்பதை அவர்களின் எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்வோம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் வகுத்த விதி. இருபது வருஷமாக யாரும் குறை சொன்னதில்லை. அந்த எண்ணிக்கை இப்போது நூற்றுக்கு நாற்பது குறைந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும்?

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உறையை ஒட்டிவிட்டேன். மனசு கேட்கவில்லை, மறுபடி பிரித்தேன். நான் கடைசியாக ரயில் ஏறி இரண்டு வருஷம் எட்டு மாதம் ஆகிறது.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

எங்கள் அறையில் என்ன வேலை நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ கழுவுகிறாள் என்றுதான் உனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த கருவிகள் எங்களிடம் வரும். கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாக எண்ணித் தட்டில் அடுக்கி, நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுத்து, முத்திரை ஒட்டி அனுப்புவோம். ஒரு தட்டில் நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டு. ஒரு சின்னக் கத்தரி குறைந்தாலும் அந்தத் தட்டு அறையை விட்டு வெளியே போகாது. பெரிய டாக்டரே வாசலில் நின்று கத்தினாலும் போகாது. இதை எங்களுக்கு யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் மீறியதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் கணக்கையும் அதே மாதிரி எண்ணிப் பார்த்தேன். பத்து மணிக்கு மேல் வருகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்?

எனக்கு ஒரு வாரம் காலை ஏழிலிருந்து மூன்று. விடியுமுன் கிளம்பி ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் அட்டையைத் தட்டுவேன். மறுவாரம் பன்னிரண்டிலிருந்து எட்டு. அப்போது பத்து மணி ரயில். சந்திப்பு நிலையம் வரை கஷ்டமில்லை. முன்பு அங்கிருந்து அலுவலக வளாகத்துக்கு நேர்ப் பேருந்து நிறைய ஓடும், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொள்வேன். அலுவலகத்துக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டு பேருந்து மாற வேண்டும். இரண்டாவது வந்தால் வரும்.

இந்த வருஷம் மூன்று தடவை தாமதமாகப் போய்விட்டேன். நான் வராவிட்டால் முந்தைய ஷிஃப்டில் இருப்பவள் போக முடியாது, அவளுக்கு வீட்டில் கைக்குழந்தை. எங்கள் பிரிவுத் தலைவி நல்லவர்தான். அவரே தாங்க முடியாமல் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். ஜூன் முடிவதற்குள் நேரத்துக்கு வர ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. உட்கார்ந்து மடிக்கலாம், சம்பளமும் அதேதான். "நல்லதுக்குத்தானே" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அண்ணா, எனக்கு மடிக்கத் தெரியும். ஆனால் எனக்கு அந்தத் தட்டு வேண்டும்.

நான் கணக்கை வளைக்கச் சொல்லவில்லை. என் பயண அட்டை எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். என் சம்மதத்தோடுதான் கொடுக்கிறேன். உன் கணக்கில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்த்துச் சொல்.

தங்கை


மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

தேடினேன்.

பதினோரு வருஷமும் இருக்கிறாய். ஒரு வாரம் ஐந்து மணி இரண்டு நிமிடம், ஐந்து மணி நான்கு நிமிடம். மறுவாரம் பத்து மணி ஆறு நிமிடம், பத்து மணி ஏழு நிமிடம், மறுபடி பத்து மணி ஆறு நிமிடம். கடிகாரத்தை உன்னைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஒரு வாரம் எங்கள் கணக்கு தொடங்குவதற்கு முன்னால் போய்விடுகிறாய், மறுவாரம் கணக்கை மூடி ஆறு நிமிடம் கழித்து வருகிறாய்.

வேலைப் பயணி அல்லாத எல்லோருக்கும் எங்களிடம் ஒரே பெயர்தான். அதை எழுத எனக்குக் கூசுகிறது. உன் அட்டைக்கு எதிரே "பொழுதுபோக்குப் பயணி" என்று இருக்கிறது.

அதைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டேன். உன் அண்ணி வந்து என்ன ஆயிற்று என்றாள். சொன்னேன்.

பிறகு நான் இத்தனை வருஷமும் செய்யாத ஒன்றைச் செய்தேன். காலை எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, முழு நாளுக்கும் மொத்தத் தட்டல்களை எடுத்துப் பார்த்தேன். காலையில் நாற்பது குறைந்தது நிஜம். ஆனால் நாள் முழுவதும் சேர்த்தால் நூற்றுக்கு எட்டுதான் குறைந்திருக்கிறது. வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்களையும் நான் பொழுதுபோக்கில் தள்ளியிருக்கிறேன். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் புதிதாக ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. திரையில் நேரம் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

பாதையை முடிவு செய்யும் திட்டக் குழு ஏப்ரல் பதினாறாம் தேதி கூடி அறிக்கையை ஏற்கப் போகிறது. கையெழுத்து போட்டாயிற்று. அடியில் இருப்பது என் பெயர்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

உன் கடிதத்தை உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. நீராவி சுட்டு முழங்கை வரை தழும்பு இருக்கிறவர்கள் நாங்கள். இப்போது வேலைக்கு வரும்போது ஒருவரையொருவர், "என்ன, பொழுது நல்லாப் போச்சா?" என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பதினொரு மணி ஆட்களில் ஒருத்தியை உனக்கு நான் காட்ட முடியும். உன் மருமகள்தான். இப்போது வாரம் முழுக்க அவளுக்கு வீட்டிலேயே வேலை. சாப்பாட்டு மேஜையில் பாதி அவளுடைய அலுவலகம். அங்கே நான் தட்டை வைத்தால் முறைக்கிறாள். "மாமா எழுதினது சரிதாம்மா, நான் காலைல ரயில்ல போறதே இல்லையே" என்றாள். காலையில் இல்லை, சரி. பல் டாக்டருக்குப் பதினொரு மணி ரயில், தோழியைப் பார்க்க மூன்று மணி ரயில். முன்பு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவைத்த வேலையெல்லாம் இப்போது நடுப்பகலில் முடிகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலேயே கிடக்கிறார்கள் என்று யார் சொன்னது?

இனி சொல்வதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு பேருந்து முழுக்க யோசித்தேன். அடுத்த பேருந்தில் எழுதுகிறேன். எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம். கையெழுத்து போட்ட அறிக்கையைத் தப்பு என்று நீயே எழுந்து சொன்னால், உன்னை அந்த நாற்காலியில் வைத்திருப்பார்களா? அண்ணியின் வீட்டுக்கடன் இருக்கிறது, சின்னவன் படிப்பு இருக்கிறது. நான் மடிக்கப் பழகிக்கொள்வேன். கோபத்தில் கத்தினேன், அவ்வளவுதான். உன் சோற்றில் மண் போட்டு எனக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டாம்.

ஆனால் முகம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் வழி இருக்கிறது. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் எனக்குப் பன்னிரண்டு மணி ஷிஃப்ட். பத்து ஆறுக்கு ஸ்டேஷன் வாசலில் இருப்பேன். வருவதென்றால் வா. மாடி அறையில் மெத்தை போட்டிருக்கிறேன். பேசமாட்டேன் என்று சொன்னது போனில்தான்.

தங்கை


ஏப்ரல் 24

அன்புத் தங்கைக்கு,

ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. நேரில் அவ்வளவு பேசிய பிறகும் சிலவற்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். எதிரே நீ உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் வராது, எழுதத்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை உன்னோடு வந்தபோது, அந்த இரண்டாவது நிறுத்தத்தில் முப்பத்தெட்டு நிமிடம் நின்றோம். எனக்குக் கால் கடுத்தது. உனக்கு அது பழகிப்போயிருந்ததைப் பார்க்கத்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சமையற்காரர், இரண்டு காவலாளிகள், வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, நர்சிங் படிக்கிற பெண்கள் என்று எல்லோரையும் நீ உறவுமுறை சொல்லி அறிமுகப்படுத்தினாய். அவர்கள் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒருவர் எனக்கு உட்கார இடம் விட்டார்.

பேருந்து வந்ததும் எல்லோரும் ஏறினோம். நீ மட்டும் வழக்கமாக ஏறுகிறவர்களைத் தலை எண்ணிக்கொண்டு படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாய். ஓட்டுநரிடம், "கொஞ்சம் நில்லுங்கண்ணே, இருபத்தாறுல ஒண்ணு குறையுது" என்றாய். அவரும் பழகின மாதிரி வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். மூலைக் கடையிலிருந்து சமையற்காரர் ஓடி வந்து ஏறிய பிறகுதான் நீ காலை எடுத்தாய். நீ அதைப் பெரிதாக நினைத்திருக்கமாட்டாய். நான் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழுக் கூட்டத்தில் எப்போதும் நான் திரையில் ஒரு சின்னக் கட்டமாகத்தான் இருப்பேன். வியாழக்கிழமை நேரில் போய் நின்றதும் குழுத் தலைவியம்மாவே, "அட, நீங்க இவ்வளவு உயரமா?" என்றார். தயாரித்துக்கொண்டு போன உரை கையில் இருந்தது. எழுந்ததும் அதை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். "மேடம், இந்த அறிக்கையை நான் திரும்ப எடுத்துக்கறேன். எண்ணிக்கை குறையுது. குறையற தட்டு அறையை விட்டு வெளியே போகக்கூடாது" என்றேன்.

எந்தத் தட்டு என்று கேட்டார்கள். சொன்னேன். உன் ஐந்து மணியையும், பத்து மணி ஆறு நிமிடத்தையும், அதற்கு நாங்கள் வைத்த பெயரையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அலுவலகக்காரர்கள் காலையில் வராமல் போனது நஷ்டம் என்றே இதுவரை நினைத்தோம், ஆனால் காலை நெரிசலுக்காக மட்டும் வைத்திருந்த வண்டிகளும் ஓட்டுநர்களும் இப்போது சும்மா நிற்பதால் அவர்களை நடுப்பகலுக்கு விடலாம், அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

முடிவை நீயே பேப்பரில் பார்த்திருப்பாய். முழு நாளும் மறுபடி எண்ண வேண்டும். ஏழு ஸ்டேஷனில் ஆஸ்பத்திரி வரையான மூன்று திட்டத்தில் நிற்கும். அதற்கு அப்பால் நாலு வேண்டாம் என்று நானே சொன்னேன், அங்கே உண்மையிலேயே ஆளில்லை. ரயில் வர ஐந்து வருஷமாவது ஆகும். அதுவரை சந்திப்பு நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேர்ப் பேருந்து, விடியற்காலையிலிருந்து நாள் முழுவதும், கால் மணிக்கு ஒன்று. ஜூன் பதினாறாம் தேதி தொடங்குகிறது. உன் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்னால்.

நீ பயந்தது பாதி நடந்தது. பிரிவுத் தலைமை வேறொருவருக்குப் போகிறது. வேலை போகவில்லை, சம்பளத்திலும் பெரிய வித்தியாசமில்லை. மறு எண்ணிக்கையை நானே நேரில் நடத்த வேண்டுமாம், மாதம் பத்து நாள் அங்கே இருக்க வேண்டும். அதைத் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார்கள். நான் தலையைக் குனிந்து சந்தோஷத்தை மறைத்துக்கொண்டேன். மாடி மெத்தையை எடுத்துவிடாதே.

நீ கத்தியிராவிட்டால் நான் அந்த நாற்காலியிலேயே இருந்திருப்பேன், தப்பான கணக்கோடு, நிம்மதியாக. நன்றி என்று சொன்னால் கேலி செய்வாய். செய்துகொள். நன்றிம்மா.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

கேலி செய்யமாட்டேன். இந்த ஒரு தடவை மட்டும்.

இன்று விடியற்காலை முதல் பேருந்தில் எங்கள் இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் ஏறினோம். ஓட்டுநர் புதியவர். முன்பு அலுவலக வளாகத்து வண்டி ஓட்டியவராம், ஒரு வருஷமாகக் காலையில் வேறு தடத்தில் இரண்டு நடை ஓட்டிவிட்டு டெப்போவில் சும்மா உட்கார்ந்திருந்தாராம். சமையற்காரர் வழக்கம்போல, இந்தத் தடவை சந்திப்பு நிலையக் கடையில், நின்றுவிட்டார். நான் படியில் கால் வைத்து நிறுத்தப் போனேன். ஓட்டுநர், "கவலைப்படாதீங்கம்மா, பின்னாடியே அடுத்த வண்டி வருது" என்றார். சொன்ன மாதிரியே வந்தது. சமையற்காரர் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் பின்னால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினார், மூச்சு வாங்காமல்.

ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவரின் மனைவி உன்னை விசாரித்தார். உயரமாக ஒருத்தர் வந்து எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாரே, அவரால்தான் இது வந்ததா என்று கேட்டார். ஆமாம், எங்கள் அண்ணன்தான் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பின் சீட்டு வரை கேட்டிருக்கும்.

பிரிவுத் தலைவி மாற்றல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நான் கை கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார், மேஜையைத் திறந்து அவருடைய பிரதியையும் எடுத்துக் கிழித்தார். கைக்குழந்தைக்காரி நேரத்துக்கு வீட்டுக்குப் போனாள். நான் தட்டை எடுத்து எண்ணத் தொடங்கினேன். நாற்பத்திரண்டும் இருந்தது.

உன் நாற்காலியை நினைத்தால் இன்னும் மனசு குத்துகிறது. நீ சந்தோஷத்தை மறைத்துக்கொண்டேன் என்று எழுதியதை நம்பித்தான் இருக்கிறேன். பொய் என்றால் நேரில் வரும்போது கண்டுபிடித்துவிடுவேன்.

ஐந்தரைக்கு முன் நான் வீடு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று வரும்போது மணி நாலேகால். கதவைத் திறந்தால் வெயில் சமையலறைத் தரை வரை வந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் இந்த வீட்டுக்குள் வெயில் வரும் என்பதையே மறந்துவிட்டேன். உன் மருமகள் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "என்னம்மா, லீவா?" என்றாள். மேஜையில் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். இந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. துணி மடிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றியது.

போன் பேசமாட்டேன் என்ற சபதத்தை இன்றோடு விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுப்பேன். ஆனால் இந்தச் செய்தியைப் போனில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எழுத்தைப் பார், அண்ணா. ஒன்றுகூட எகிறவில்லை. டம்ளரைத் தாளின் ஓரத்தில் வைத்து, மேஜையில் உட்கார்ந்து எழுதினேன்.

உன் வாயாடி